பட்டியக்காவின் இடது கன்னம்

இடது கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டியக்கா நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தாள். அரையடி நகர்வாள், நிற்பாள். புருவம் சுருங்கும். அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுவாள். மறுபடி நகர்வாள். காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த பெயின்டருக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னக்கா சொல்லுது சுவரு?”

“உன்னை வெளியில போய் உக்காரச் சொல்லுது. நீ மூச்சு விடுற சத்தம் இடிக்குதாம்.”

விரல் நுனியால் தடவிப் பார்த்தால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. பட்டியக்கா விரல்களை விரித்துக் காட்டுவாள். உப்புத்தாளோடு குடித்தனம் நடத்தி ரேகையெல்லாம் தேய்ந்துபோன விரல்கள். “இது கல்யாணத் தரகர் மாதிரி. எதைக் கேட்டாலும் வழவழன்னுதான் சொல்லும். கன்னம் அப்படி இல்ல. மேடு பள்ளம் எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடும்.” ஏதோ ஓர் அலுவலகத்தில் விரல்ரேகை வைக்கச் சொன்னபோது அந்த இயந்திரம் அப்படி ஓர் ஆளே கிடையாது என்று சாதித்ததாம். “சரி, கன்னத்தை வைக்கட்டுமா?” என்று பட்டியக்கா கேட்டாளாம். இந்தக் கதையை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அவள் முடித்துக் கொடுத்த சுவரில் ஏறிய எறும்பு பாதியில் வழுக்கி விழுந்து, கால் பிசகி, நொண்டிக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலை நாட்களில் அவளுடைய இடது கன்னம் வெள்ளையாக இருக்கும். வலது கன்னம் அவள் நிறத்தில் இருக்கும். வேலையிலிருந்து நேராக ஒருமுறை உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாள். நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “என்ன அண்ணி, பாதியில பவுடர் தீந்துபோச்சா?”

“தீரலை. வலப் பக்கம் உங்க அண்ணனுக்கு. இடப் பக்கம் சுவத்துக்கு. ரெண்டு பேருக்கும் சண்டை வரக் கூடாது பாரு.”

அவளுடைய தொழிலுக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பெயர் வைக்கவில்லை. இப்போதெல்லாம் வீடுகளில் அறை அறையாகத் தடுப்பதற்குச் செங்கல் வைப்பதில்லை. தகரச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் ஜிப்சம் பலகைகளை வரிசையாகத் திருகி மூடிவிடுகிறார்கள். காலையில் கூடமாக இருந்தது சாயங்காலம் இரண்டு அறையாகிவிடும். வம்பு எங்கே வருகிறது என்றால், பலகையும் பலகையும் சந்திக்கிற இடத்தில். சம்பந்திகள் சந்திப்பதுபோலத்தான் அது. மேலுக்குச் சிரிப்பு, உள்ளுக்குள் விரிசல். ஆறு மாதம் கழித்து மெல்லிய மயிரிழை ஒன்று சுவரில் மேலிருந்து கீழே இறங்கும். அதன்மேல் அப்படியே பெயின்ட் அடித்தால் சில வாரம் வாய் மூடி இருக்கும்; பிறகு பழையபடி பேச ஆரம்பிக்கும். அதனால் விவரம் தெரிந்த வீடுகளில் பெயின்டருக்கு முன்னால் பட்டியக்காவைக் கூப்பிடுகிறார்கள்.

அவள் வந்ததும் செய்கிற முதல் காரியம் வீட்டுக்காரர்களைப் பதற அடிப்பது. மயிரிழையாக இருந்த விரிசலைக் கத்தியால் கீறி, உதிர்கிறதையெல்லாம் உதிர்த்து, உள்ளே ஒட்டாமல் கிடக்கும் பழைய நாடாவை உரித்து எடுத்து, வாய்க்கால்போல அகலமாக்கி வைப்பாள். “இருந்ததைவிட மோசமாக்கிட்டீங்களே” என்று வீட்டுக்காரர் தலையில் கை வைப்பார். “சொத்தைப் பல்லுக்கு டாக்டர்கிட்ட போனா, முதல்ல அடைப்பாரா, குடைவாரா?” என்பாள். தூசி தட்டி, பட்டி என்கிற வெள்ளை மாவைக் குழைத்து உள்ளே அழுத்துவாள். “பச்சைப் பிள்ளைக்கு ஊட்டுற பதம் இருக்கணும். ஓடவும் கூடாது, தொண்டையில சிக்கவும் கூடாது.” ஈரம் காய்வதற்குள் காகித நாடாவை அதன்மேல் படுக்கவைத்து, தகட்டால் ஒரே இழுப்பாக இழுத்து, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுவாள். அந்த நாடாச் சுருள் எப்போதும் அவள் முன்கையில் வளையல்போலக் கிடக்கும். வேறு வளையல் போட்டு யாரும் பார்த்ததில்லை.

பிறகு காய வேண்டும். காய்ந்தபின் இன்னொரு பூச்சு, கொஞ்சம் அகலமாக. அதுவும் காய்ந்தபின் அதைவிட அகலமாக, அதைவிட மெல்லியதாக, வெங்காயத் தோல்போல ஒன்று. ஓரம் எங்கே முடிகிறது என்பது ஓரத்துக்கே தெரியக் கூடாது. கடைசியில் உப்புத்தாள், அதற்கப்புறம் கன்னம். அவசரப்படுத்துகிறவர்களிடம் அவள் சொல்கிற ஒரே வார்த்தை, “காயாம கைய வைக்காதே.” சுவருக்கு மட்டும்தான் சொல்கிறாளா என்பது கேட்கிறவர்களைப் பொறுத்தது.

இந்தத் தொழிலில் அவள் தனி ஆள் இல்லை. பலகையைத் திருகுவது அவள் கணவர். இணைப்பை மூடுவது அவள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த ஏற்பாடு. வேலைக்காரர்கள் அவரைத் திருகாணி அண்ணன் என்பார்கள். வாய் ஓரத்தில் எப்போதும் நாலைந்து திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். அதனால் பேச்சு மறு ஓரத்தில் வரும். தெரியாதவர்கள் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். தூங்கும்போதும் அவர் வாய் ஒரு பக்கமாகத்தான் இருக்கும் என்றும், தும்மினால் எதிர்ச் சுவரில் ஒரு பலகை தானாக மாட்டிக்கொள்ளும் என்றும் பட்டியக்கா கதை கட்டிவிட்டிருக்கிறாள்.

திருகாணியாருக்கு இரண்டு பழக்கம். ஒன்று, சட்டைப் பையில் சின்னதாக ஒரு காந்தம். வேலை முடிந்ததும் அதைச் சுவரில் ஓட்டிப் பார்ப்பார். பட்டிக்குள் ஒளிந்திருக்கும் திருகாணித் தலை ஒவ்வொன்றிலும் அது ‘டக்’ என்று ஒட்டும். ‘டக்’, ‘டக்’, ‘டக்’ என்று நூல் பிடித்ததுபோல ஒரே நேர்கோட்டில் அது இறங்குவதைக் கேட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். இன்னொன்று, பஸ் ஏறுமுன் சட்டையைத் தட்டுவது. பட்டித் தூசி ஒரு பொட்டு இருக்கக் கூடாது. தோள், கை, காலர் எல்லாம் தட்டி, ஊதி, மறுபடி தட்டி, ஆபீசிலிருந்து வருகிறவர் மாதிரி ஆகிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். பக்கத்தில் பாதி முகம் வெள்ளையாக நிற்கிற பெண்பிள்ளை தன்னுடன் வருகிறவள்தான் என்பதை மட்டும் தட்டிவிட முடியாது.

இணைப்பு எங்கேயாவது மறுபடி விரிந்துவிட்டால் இரண்டு பேருக்குள்ளும் பஞ்சாயத்து. தீர்ப்புச் சொல்கிறது பெருவிரல். விரிசலுக்குப் பக்கத்தில் பலகையைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். பலகை அசைந்தால் திருகினவர் குற்றம். அசையாவிட்டால் மூடினவள் குற்றம். தோற்றவர் அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஜன்னலென்றால் உயிர். வலப் பக்க வரிசையில்தான் உட்காருவார்கள். காற்று அந்தப் பக்கம்தான் நன்றாக வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆனால் ஜன்னல் பெரும்பாலும் அவருக்குத்தான். “என் போர்டு ஆடாது. எம் மேல ஆனை வந்து சாஞ்சாலும் நான் ஆடுவேனே தவிர, போர்டு ஆடாது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நகர்ந்து உட்காருவார். பட்டியக்கா இந்தப் பக்கம் உட்கார்ந்து, வலது கன்னத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு, நடுவில் நிற்கிறவர்களின் பைகளிடம் இடி வாங்கிக்கொண்டே வருவாள்.

“ஆனை சாஞ்சா ஆடாதாம். ஒரு அவசரத்துக்குப் பொண்டாட்டி சாஞ்சா ஆடும்.”

“உன் டேப்பை ஒழுங்கா ஒட்டு, ஜன்னலை எடுத்துக்க. நான் வேணாம்னா சொன்னேன்?”

அந்த டீச்சர் வீட்டு வேலை வரும்வரை இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

டீச்சருடைய தங்கை பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளையும் தாயுமாக வந்து தங்குவதற்கு ஓர் அறை தயாராக வேண்டும். பச்சைக் குழந்தை வரும் அறையில் தூசி பறக்கக் கூடாது. அவர்கள் வருவதற்குள் உப்புத்தாள் வேலை, பெயின்ட் வாசனை எல்லாம் ஓய்ந்திருக்க வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் பட்டியக்காவும் திருகாணியாரும் அந்த அறையின் பலகைகளைத் திருகி இறுக்கி, விரிசல்களை மூடிக்கொடுத்துப் போனார்கள். டீச்சர் பெயின்டரோடு இவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், மேலே, கதவுத் தலைக்கும் கூரைக்கும் நடுவில், அதே இடத்தில் அதே கோடு.

“போன தடவையும் இதே எடம்தானேம்மா?” என்றார் டீச்சர். குரலில் கோபமில்லை. அதுதான் பட்டியக்காவுக்குச் சுருக்கென்றது.

பெயின்டர் வாளிமேல் உட்கார்ந்து காலை ஆட்டினான். “இப்பவே சொல்லிடறேன் டீச்சர், நாளைக்கு விரிஞ்சா பெயின்டைச் சொல்லாதீங்க. குடும்பச் சண்டையில என்னை இழுக்காதீங்க.”

பட்டியக்கா மடக்கு ஏணியில் ஏறினாள். கீழே திருகாணியார் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏறுகிறபோதே அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று வரிசையாக வந்து நின்றது. முந்தின வீட்டில் திரும்ப விரிந்த இடம் கூரை ஓரம். அதற்கு முந்தின வீட்டில் அலமாரிக்கு மேலே. இங்கே கதவுக்கு மேலே. கீழ்ப் பக்கத்தில் எங்கேயும் ஒரு கோடுகூட இல்லை. விரிசல் விழுந்ததெல்லாம் அவருடைய காதுக்கு மேலே, கையைத் தூக்கினால்தான் எட்டுகிற இடங்களில்.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. கொஞ்ச நாளாக அவர் இடது கையால் தலை வாரிக்கொள்கிறார். தலைவழியாக மாட்டுகிற பனியனை விட்டுவிட்டு, வெயிலிலும் பொத்தான் சட்டையோடு இருக்கிறார். அவளைவிட ஒரு சாண் உயரமான மனிதர், பரண்மேல் இருக்கிற டப்பாவை எடுக்கச் சொன்னால், “நீயே எடேன், உனக்குத்தான் நல்லா எட்டும்” என்கிறார். அவளும் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டே முக்காலியைப் போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

பெருவிரலை வைத்து அழுத்தினாள். பலகை பழைய மெத்தைபோல உள்ளே போய், கையை எடுத்ததும் திரும்பி வந்தது. பலகையை ஒரு கையால் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருக வேண்டும். அழுத்துகிற கைக்குப் பலம் போதாவிட்டாலும் திருகாணி என்னவோ உள்ளே இறங்கிவிடும். பலகைதான் சட்டத்தோடு ஒட்டாது. வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. அதன்மேல் அவள் நாடா ஒட்டியிருக்கிறாள். ஆடுகிற பல்லின்மேல் தங்கம் கட்டியதுபோல.

“என்ன, ஆடுதா?” என்றார் கீழேயிருந்து.

எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. எப்போதும் அதில் ஒரு கொழுப்பு இருக்கும், ஜன்னலில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டவரின் கொழுப்பு. இன்றைக்கு அது இல்லை. வாய் ஓரத்தில் திருகாணிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசுகிற சத்தம் ஏணி மேலே வரை கேட்டது.

இவர்களோடு வேலை பார்த்த தரைக்கல்காரர் ஒருவர் இருந்தார். முட்டி மடங்கவில்லை என்று தெரிந்ததும் காண்ட்ராக்டர் மரியாதையாக, “அண்ணன் வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்” என்றார். இப்போது அவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து, உடையாத நாற்காலிகளை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று திருகாணியார் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. “நான் அப்படி உக்காந்தேன்னா, என்னை மடிச்சுப் பரண்மேல வெச்சிடு” என்றார். “ஏணியே தாங்காது, பரண் தாங்குமா உங்களை?” என்று அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

பட்டியக்கா இன்னொரு தடவை அழுத்துவதுபோலப் பாவனை செய்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“ஆடலை. கல்லு மாதிரி இருக்கு. டேப்புதான் உரிஞ்சிருக்கு. பட்டி இறுகிப்போனப்புறம் ஒட்டியிருக்கேன் போல. என் தப்புதான்.”

பெயின்டரின் கால் ஆட்டம் நின்றது. “அக்கா, உங்க கையிலயா தப்பு?”

“ஏன், என் கை என்ன சாமி கையா? அன்னைக்கு யாரோ கதை சொன்னாங்க, கேட்டுக்கிட்டே ஒட்டிட்டேன்.”

டீச்சர் பெருமூச்சு விட்டார். “ரொம்ப நம்பிக்கையா உங்களைச் சொன்னாங்கம்மா” என்றார். பட்டியக்கா அதையும் வாங்கிக்கொண்டாள். ஏணியிலிருந்து இறங்கும்போது காது மடல் சிவந்திருந்தது.

“பாத்தியா, என் போர்டு ஆடாது” என்றார் திருகாணியார். குரல் பழையபடி வாய் ஓரத்துக்குத் திரும்பிவிட்டது.

“ஆமாமா. ஆனையைக் கூட்டிட்டு வாங்க.”

இனி அடுத்த சங்கடம். ஆடாத பலகை என்று சொல்லியாகிவிட்டது; ஆடுகிற பலகைமேல் எத்தனை நாடா ஒட்டினாலும் நிற்காது. பட்டியக்கா முன்கையில் கிடந்த நாடாச் சுருளைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். நாடாவை முகர்ந்து பார்த்து என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. “இது ஈரம் குடிச்ச டேப்பு. கடைத்தெருவுல புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அப்படியே டீ குடிச்சிட்டு, ஆற அமர வாங்க. நான் அதுக்குள்ள பழசைச் சுரண்டி வெக்கிறேன்.”

அவர் தெருமுனை திரும்புகிறவரை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு அவருடைய பையிலிருந்து திருப்புளியையும் ஒரு கைப்பிடித் திருகாணியையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். திருகுகிற இயந்திரத்தைத் தொடவில்லை; அது போடுகிற சத்தம் டீக்கடை வரை போகும்.

பட்டி பூசுவதில் கெட்டிக்காரி திருகுவதிலும் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் திருகாணி கோணலாகப் போய் நின்றது. இரண்டாவது கையிலிருந்து நழுவி பெயின்டரின் தலையில் விழுந்தது. மூன்றாவது, பலகையின் மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. திருகாணித் தலை தாளைக் கிழிக்காமல், தாளுக்கு ஒரு நகக்கண் உள்ளே அமுங்கி உட்கார வேண்டும். அவர் போட்டால் பிள்ளை தலையணையில் தலை வைத்ததுபோல உட்காரும். அவளுடைய திருகாணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் படுத்தன. தோளைக் கொடுத்துப் பலகையை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துத் திருகினாள். வாய் ஓரத்தில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டுதான் திருகினாள். வேறு எங்கே வைத்துக்கொள்வது?

பெயின்டர் தலையைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தான். அவனும் தொழில்காரன். ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்தான்.

“ஆடலைன்னு சொன்னீங்க.”

“ஆடலைதான்.”

“அப்புறம் எதுக்கு இது?”

பட்டியக்கா வாய் ஓரத்தால் பதில் சொன்னாள். “உன் வாயை மூடுறதுக்கும் ஒண்ணு மிச்சம் வெச்சிருக்கேன்.”

அவன் சிரிக்கவில்லை. ஏணியை இன்னும் இறுக்கமாகப் பிடித்தான். “இடப் பக்கம் இன்னும் ரெண்டு போடுங்கக்கா. அங்கயும் லேசா தூக்குது” என்றான்.

திருகாணியார் புது நாடாவோடு திரும்பியபோது, கிழிந்த தாள், கோணல் தலை எல்லாம் முதல் பட்டிக்கடியில் மறைந்துவிட்டன. பட்டியக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல நாடாவை நீட்டச் சொன்னாள். அன்று அவள் இழுத்த இழுப்பைப் பெயின்டர் இன்னும் போகிற வீடுகளில் சொல்கிறான். நாடா சுவரில் ஒட்டவில்லையாம். சுவருக்குள் இறங்கிப் போனதாம்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் அவருக்கு. அடுத்த பூச்சுக்கு வந்த நாளும், அதற்கடுத்த பூச்சுக்கு வந்த நாளும், அந்தத் தோல்வி வேலை முடிகிறவரை செல்லும் என்று அவரே ஒரு புதுச் சட்டம் போட்டு, ஜன்னலில் உட்கார்ந்துகொண்டார். காற்றில் முடி பறக்க, “டேப்பு ஒட்டும்போது கதை கேக்கக் கூடாது” என்று புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். அவள் வழக்கத்துக்கு விரோதமாக ஒத்துக்கொண்டே வந்தாள். அது அவருக்குக் கொஞ்சம் இடித்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் எதையும் இரண்டு தடவை தொடர்ந்து ஒத்துக்கொண்டதில்லை.

கடைசி நாள் உப்புத்தாள் முடிந்தது. டீச்சர் விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நிழல் எங்கும் விழவில்லை. பட்டியக்கா ஏணியில் ஏறி, கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாள். ஒரு கீறல்கூடப் போடவில்லை. பெருவிரலால் அழுத்தினாள். சுவர் அசையவில்லை. இறங்கி வந்து, வாளியைக் கழுவப் பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்தாள்.

அப்போதுதான் கேட்டது.

‘டக்.’

கண்ணுக்கு மறைத்தாள், விளக்குக்கு மறைத்தாள், பெருவிரலுக்கும் பதில் வைத்திருந்தாள். சட்டைப் பைக்குள் இருக்கும் காந்தத்தை மறந்துவிட்டாள்.

குழாயை மூடிவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள். திருகாணியார் ஏணியின் மேல்படியில், இடது கையில் காந்தத்தோடு நின்றிருந்தார். வலது கை ஏணியைப் பிடித்திருந்தது. ‘டக்.’ அவர் போட்ட வரிசை அது, நேராக இறங்கியது. பிறகு காந்தம் வரிசையை விட்டு விலகி, பக்கத்தில் இழுத்துக்கொண்டுபோய் ஒட்டியது. ‘டக்.’ இன்னும் கொஞ்சம் தள்ளி, மேலே. ‘டக்.’ அதற்குக் கீழே, குறுக்கே. ‘டக்.’ அவர் ஒருநாளும் போடாத இடங்கள். கதவுத் தலைக்கு மேலே நெடுக, வழி தவறிய ஆடுகள்போல.

பெயின்டர் குனிந்து, தேவையே இல்லாமல் தூரிகையில் முடி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

திருகாணியார் காந்தத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். அதைப் பைக்குள் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பெருவிரலை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். வாய் ஓரத்திலிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாய் நேராக இருந்தபோது முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. திரும்பியே பார்க்காமல், “நல்லா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பட்டியக்கா மூன்று கதை ஆரம்பித்தாள். மூன்றும் நடுவழியில் நின்றுவிட்டன. பஸ் வந்தது. அவர் தோளைத் தட்டி, காலரைத் தட்டி, ஊதி, வழக்கம்போலச் சுத்தமானார். ஏறினார்கள். வலப் பக்க வரிசையில் இருவர் இருக்கை காலியாக இருந்தது. பட்டியக்கா ஒதுங்கி நின்று அவருக்கு வழி விட்டாள்.

அவர் உள்ளே போகவில்லை. மோவாயால் ஜன்னலைக் காட்டினார்.

“இல்ல, நீங்க...”

“போ.”

“டேப்பு என் தப்புன்னு...”

“பின்னால ஆள் நிக்கிறாங்க. போய் உக்காரு.”

போய் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. ஆசைப்பட்ட ஜன்னலில் கடைகளும் கம்பங்களும் ஓடின. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியபின் அவர் எதிர் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி சொன்னார்:

“ஸ்குரூவா அது? எறும்பு குடிச்சிட்டு நடந்த மாதிரி இருக்கு.”

அவள் முன்கையில் கிடந்த நாடாச் சுருளைச் சுற்றிவிட்டாள்.

“தாளை வேற கிழிச்சிருப்ப.”

“ரெண்டுதான்.”

“ரெண்டா?”

“நாலு.”

அவர் தலையசைத்தார். குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு நூல் பிடிச்சுத் தரேன். மேல நீ போடு. கழுத்துக்குக் கீழ என்னோடது” என்றார். இன்னும் தாழ்த்தி, “தோள்பட்டை ஏற மாட்டேங்குது” என்றார்.

“எந்தத் தோள்?”

“இந்தத் தோள்தான். வலது.”

இத்தனை வருஷமாக ஜன்னலை அவருக்கு விட்டு உட்கார்ந்து வந்ததில், அவளுடைய வலது கன்னம்தான் அவர் பக்கம் இருந்தது. இன்றைக்கு இடம் மாறியிருந்தது. பட்டியக்கா கண்ணை மூடினாள்; மூச்சைப் பிடித்துக்கொண்டாள்; இடது கன்னத்தை அவருடைய வலது தோளில் ஒட்டிவைத்து, மெல்ல, எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்று பார்ப்பவள்போல, நுனியிலிருந்து கழுத்துவரை நகர்த்தினாள்.

“ஏய், ஊரே பாக்குது.”

“சும்மா இருங்க. பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவர் சும்மா இருந்தார். இறங்க வேண்டிய இடம் வந்து, இருவரும் எழுந்தபோது, அவருடைய சட்டையின் வலது தோளில் வெள்ளையாக ஒரு கன்னத்தின் அச்சு பதிந்திருந்தது. படியில் இறங்கின திருகாணியார் குனிந்து அதைப் பார்த்தார். தட்டுவதற்கு இடது கை தோள்வரை போயிற்று. அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, தட்டாமல், கீழே இறங்கி அவளுடைய பையை வாங்கிக்கொண்டது.